உள்ளூர் மண்ணால் சிறிய வீடுகளைக் கட்டி, சமையலறை போன்றவற்றைப் பொதுவாக வைத்துக்கொள்வது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆரோவில்லில் 1990களில் எழுந்த விகாஸ் குடியிருப்பைப் பாருங்கள். நான்கு தளக் கட்டடம் ஒன்றை அங்கே சுடாத மண் கற்களால் கட்டியிருக்கிறார்கள். அடித்தளத்துக்காகத் தோண்டிய மண்ணே சுவராயிற்று. லாரியில் மண் ஏற்றிவரும் செலவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

கல் செய்யும் முறை எளிது. இலைமக்கு கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள மண்ணைச் சலித்து, சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து, ஈரப்பதம் பார்த்து அச்சு இயந்திரத்தில் அழுத்த வேண்டும். பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்த வேண்டும். சூளை இல்லை, விறகு இல்லை. ஆனால் எல்லா மண்ணும் உதவாது. களிமண் மிகுந்தால் கல் வெடிக்கும், மணல் சேர்த்தே ஆக வேண்டும். மண் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. மழைச்சாரலைத் தடுக்கக் கூரை விளிம்பை நன்றாக நீட்டுங்கள்.

பொது இடம் என்றால் முதலில் சமையலறை, விருந்தினர் அறை, துணி துவைக்கும் இடம். எப்போதாவது வரும் விருந்தினருக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை எதற்கு? அதை விட்டாலே வீடு கணிசமாகச் சுருங்கும். பராமரிப்புச் செலவை யார், எப்படிப் பகிர்வது என்பதை மட்டும் கட்டுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.