சபைகளைச் சேர்த்து வேலைசெய்ய முதலில் சங்கம் பதிய வேண்டுமா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: "நான் மெதடிஸ்த சபைப் பிள்ளை. பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கும் இரண்டு பெந்தெகொஸ்தே சபைகளும் இருக்கின்றன. எல்லாரையும் சேர்த்து ஊர்ப் பிரச்சினைகளுக்கு வேலைசெய்ய விருப்பம். ஆனால் ஃபாதரும் பாஸ்டரும் முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. கொழும்பில் இருந்து ஒருவர், சங்கம் ஒன்றைப் பதிந்து, நூறு குடும்பத்தின் பெயர், அடையாள அட்டைப் பிரதி, படம் எல்லாம் தந்தால் வெளிநாட்டு நிதி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எங்கே தொடங்கட்டும்?"

பதிய வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு. அந்தப் பட்டியலையும் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வன்னியில் இந்த வேலை கெட்டுப்போவதே இப்படியான ஆட்களால்தான். ஒரே பட்டியலை நாலு இடத்தில் காட்டி நிதி கேட்டு நாலு புறொப்போசல் (திட்ட விண்ணப்பம்) எழுதுவார்கள். கணவனை இழந்த பெண்ணின் படம் எங்கேயோ ஒரு அறிக்கையில் கிடக்கும், அவவுக்கு வருவது பத்துக் கோழிக்குஞ்சு, சிலவேளை அதுவும் இல்லை. பிறகு அதே நம்பர்களுக்கு நுண்கடன்காரன் அழைப்பான், யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சனம் கோபிக்கப்போவது வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போன உங்களோடு. போர் முடிந்தபோது சனத்தை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் தொடங்கின பதிவு இன்னும் முடியவில்லை இந்தச் சனத்துக்கு. கொப்பியையும் பேனையையும் கண்டாலே முகம் மாறும். அதனால் முதல் சில மாதம் வெறும் கையோடு போங்கள். இருந்து கதையுங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், எது நித்திரையைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். இந்த வேலையில் பெரும்பங்கு அதுதான்.

இனி ஃபாதரும் பாஸ்டரும். இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தப் பாடுபடாதீர்கள், அது கடைசியில் தானாக நடக்கும். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய் "ஊர் வேலைக்காக உங்கள் ஆட்களோடு கதைக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். ஃபாதர் சில வருடத்தில் மாற்றலாகிப் போவார், உங்கள் மெதடிஸ்தப் போதகரும் அப்படித்தான். அதனால் அங்கே ஆளைப் பிடிப்பதானால் அன்பியத்தில் (கத்தோலிக்கரின் அயல்வீட்டுக் குழு), மெதடிஸ்தரின் சேகரக் கூட்டத்தில் வாய் திறந்து கதைக்கிற அக்காமாரைப் பிடியுங்கள். தனிச் சபை நடத்துகிற பாஸ்டர் எங்கும் போகமாட்டார், சபையே அவர்தான், அவரைத் தாண்டி ஒன்றும் நடக்காது. அவருக்குப் பயமும் இருக்கும். 2008இல் வந்த மத விவகார அமைச்சின் சுற்றறிக்கை, புதிதாக வழிபாட்டிடம் கட்டத்தான் அனுமதி கேட்டது. அதைக் காட்டி வீட்டில் கூடி ஜெபித்தவர்களையும் மறித்திருக்கிறார்கள். எனவே அவருடைய வீட்டில் கூட்டம் வைத்து அவரை மாட்டிவிடாதீர்கள். பொதுநோக்கு மண்டபத்தில் வையுங்கள். ஜெபத்தோடு தொடங்கவும் வேண்டாம், சைவச் சனமும் வரவேண்டும் அல்லவா.

எதைக் கையில் எடுப்பது? எல்லாச் சபைக்கும் நோகிற ஒன்றை. நான் என்றால் புதைக்கிற இடத்தை எடுப்பேன். பெந்தெகொஸ்தே வீட்டில் ஒரு சாவு விழுந்தால், கத்தோலிக்கரின் சேமக்காலையில் (கல்லறைத் தோட்டம்) விடமாட்டார்கள், ஊர்ச் சுடலையிலும் ஏதாவது சொல்வார்கள், பெட்டி முற்றத்தில் இருக்க பாஸ்டர் ஃபோனும் கையுமாக ஓடுவார். இதைக் கதைக்கத் தொடங்கினால் கத்தோலிக்க அக்காமாரே "அது பிழைதான்" என்பார்கள்.

பெரிய விசயங்களும் இப்படித்தான் நகர்ந்தன. 1992இல் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவை விட்டு வந்த சனம், கடற்படை இருந்த அந்தத் தீவுக்குத் திரும்பிப் போக விடச்சொல்லி 2017 மே மாதம் இரணைமாதா நகரில் போராட்டத்துக்கு இருந்தது. குருமார் பக்கத்தில் நின்றார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் பதில் வராததால், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். புறொப்போசல் எழுதியா போனார்கள்?

பதிய வேண்டாம் என்றதற்கு ஒரு விலக்கு உண்டு: காசு. கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் "கிணறு ஒன்று வெட்டுங்கோ" என்று அனுப்பினாலும் சரி, உங்கள் சொந்த மாமா அனுப்பினாலும் சரி, கூட்டத்துக்குத் தேத்தண்ணிச் செலவு என்று ஐயாயிரம் வந்தாலும் சரி, அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரக்கூடாது. அம்மாவின் கணக்கும் வேண்டாம், பாஸ்டரின் சொந்தக் கணக்கும் வேண்டாம். ஒரு தடவைக் காசு என்றால் சபையின் பெயரில் உள்ள கணக்குக்கு, பற்றுச்சீட்டோடு. தொடர்ந்து வரும் என்றால் அப்போது பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதியுங்கள், வெளிநாட்டு நிதி என்றால் அதற்கு தொண்டு நிறுவனங்களைப் பதிகிற 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அது வேறு தலையிடி. ஜி.எஸ்ஸிடம் (கிராம அலுவலர்) போனால் டி.எஸ். ஒபிசுக்கு (பிரதேச செயலகம்) போ என்பார், அங்கே போனால் ஐயா ஃபீல்டில், திரும்பி வர ஐயா மாற்றலாகியிருப்பார். தேவையில்லாமல் அந்த வரிசையில் போய் நிற்பானேன்?

சங்கம் இல்லாமல் அரசாங்கத்திடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம், காரணமும் சொல்லத் தேவையில்லை. பிரதேச சபைக்கு எழுதுங்கள்: பொது மயானம் எது, அதன் அளவுப்படம் எங்கே, இந்த வருடம் அதற்கு ஒதுக்கிய காசு எவ்வளவு. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். கடிதத்தை அன்பியத்து அக்கா ஒருவரும் பாஸ்டரின் சபையில் ஒருவரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீங்கள் வெளியில் நில்லுங்கள். "வைச்சிட்டுப் போங்கோ" என்பார்கள். போகவேண்டாம். திகதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை கையில் வந்தபிறகு வெளியே வரச்சொல்லுங்கள்.