நெஞ்செரிச்சலா, வாங்க பேசுவோம்

முதல்ல ஒண்ணு, நான் டாக்டர் இல்ல, 19 வருஷமா மெடிக்கல் ஷாப்ல நிக்கிற பார்மசிஸ்ட். நெஞ்செரிச்சல் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் வந்த கேள்விகள்ல ஆறை எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணா, பேண்டப்ரசோல் 40 ஒரு மாசமா நைட் சாப்பிட்டு படுக்கும்போது போடுறேன், எரிச்சல் குறையவே மாட்டேங்குது.

பதில்: தம்பி, தப்பே அங்கதான். வயித்துல ஆசிட் சுரக்குற பம்ப் இருக்கு, சாப்பாடு வரப்பதான் அது நல்லா ஓடும், ஓடுற பம்பைத்தான் இந்த மாத்திரையால அடைக்க முடியும், அதனால காலைல பல் விளக்கிட்டு வெறும் வயித்துல போட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும். முழுசா வேலை செய்ய மூணு நாலு நாள் ஆகும். கவர்ல 'சாப்பாட்டுக்கு முன்'னு பெருசா எழுதிக் குடுத்தாலும் யாரு படிக்கிறீங்க!

கேள்வி: வேலை முடிஞ்சு வரவே பத்தரை, பரோட்டா சாப்பிட்டு அப்படியே படுத்தா நடுராத்திரி தொண்டை வரைக்கும் புளிச்சு வருது.

பதில்: வரத்தான் செய்யும். உணவுக்குழாய் அடியில ஒரு வால்வு மாதிரி தசை இருக்கு, அது லூசானா படுத்ததும் எல்லாம் மேல ஏறும், எண்ணெய் அயிட்டம்னா வயிறு காலியாகவும் லேட்டாகும். சாயங்காலமே வயிறு நிறைய சாப்பிட்டுட்டு நைட் ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க, படுக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி முடிச்சா ரொம்ப நல்லது. கட்டில் தலைமாட்டு காலுக்கு அடியில செங்கல் வச்சு ஒரு அரை அடி தூக்குங்க. ரெண்டு தலகாணி வேணாம், அது வயித்தை மடக்கி இன்னும் அமுக்கும். இடது பக்கமா படுங்க, அப்படி படுத்தா வயிறு குழாயை விட கீழ இருக்கும்.

கேள்வி: ஜில் பால் குடிச்சா சரியாகுமா?

பதில்: கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அப்புறம் பாலே ஆசிட்டை தூண்டிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 62, அஞ்சு வருஷமா அவங்களே பான் டி வாங்கி டெய்லி போடுறாங்க. நிறுத்தலாமா?

பதில்: அந்த 'டி' டொம்பெரிடோன்ங்கிற வாந்தி மருந்து, வயசானவங்களுக்கு இதயத் துடிப்பைக் குழப்பலாம், சும்மா வருஷக்கணக்கா போடுற மாத்திரை இல்ல. இன்னொரு பாதி பேண்டப்ரசோல், அதை நெடுநாள் எடுத்தா பி12, மெக்னீசியம் குறையலாம். ஆனா பட்டுனு நிறுத்தினா ஆசிட் ரெண்டு வாரத்துக்கு மேல கூட எகிறும், வியாதி திரும்ப வந்துடுச்சுன்னு பயந்து மறுபடி கடைக்கு வருவாங்க, இதை நான் நிறைய பாத்திருக்கேன். மூட்டுவலி மாத்திரையோ ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையோ சேர்த்து போடுறாங்களான்னு பாருங்க, போட்டா வயித்தைக் காப்பாத்த இந்த மாத்திரை தேவைப்படலாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு குறைங்க.

கேள்வி: அப்பாவுக்கு நேத்து நெஞ்சை அழுத்தி வேர்த்துச்சு, ஈனோ குடிச்சு ஏப்பம் விட்டதும் சரியாயிடுச்சு. கேஸ்தானே?

பதில்: இதைப் படிச்சதும் எழுந்து போய் ஈசிஜி எடுங்க, சத்தியமா சொல்றேன். ஏப்பம் வந்துடுச்சுன்னா ஹார்ட் இல்லைன்னு அர்த்தம் இல்ல, மாரடைப்பு பல பேருக்கு கேஸ் மாதிரியே வரும், சுகர் இருந்தா வலி கூட சரியா தெரியாது. ஒருத்தர் சட்டை நனைய வேர்த்து வந்து ஜெலுசில் கேட்டாரு, நான் குடுக்காம ஆட்டோல ஏத்தி விட்டேன், என்கிட்ட சண்டையே போட்டாரு, ஆஸ்பத்திரியில பாத்தா ஹார்ட் அட்டாக். திரும்ப அழுத்தம், வேர்வை, தாடை இல்ல கையில வலின்னு வந்தா 108. ஈனோல சோடியம் வேற நிறைய இருக்கு, பிபி உள்ளவங்களுக்கு அது ஆகாது.

கேள்வி: வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்தைப் பாக்குற எண்டோஸ்கோபி எல்லாருக்கும் வேணுமா?

பதில்: வேணாம். முழுங்கும்போது அடைக்குது, காரணமில்லாம எடை குறையுது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், ரத்தசோகை, இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க, ரத்த வாந்தியோ கருப்பு மலமோ, ரெண்டுல ஒண்ணு இருந்தாலே அன்னைக்கே. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருப்பாகும், அதையும் மறக்காம அவர்கிட்ட சொல்லிடுங்க.