வட்டத்துக்கு நடு எங்கே? கேட்டதும் சொன்னதும்

அண்ணே, 50 மி.மீ. ராடின் (உருண்டைக் கம்பியின்) முனையில் சென்டர் ஸ்கொயரை, அதாவது வட்டத்தின் நடு வழியே கோடு போட உதவும் மட்டத்தை, வைத்து மூன்று கோடு இழுத்தேன். மூன்றும் ஒரே இடத்தில் வெட்டவில்லை. ஸ்கொயர் கெட்டுப்போச்சா?

முதலில் அறுத்த முனையில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அரத்தால் பிசிறை எடுத்துவிட்டு, 120 டிகிரி இடைவெளியில் திரும்ப மூன்று கோடு போடுங்கள். நடுவில் ஒரு சமபக்க முக்கோணம் விழுந்தால் ஸ்கொயர்தான் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். அந்த முக்கோணத்துக்கு நடுவே பஞ்ச் (புள்ளிக்குழி போடும் கூர் உளி) அடித்தால் சரியாக இருக்கும்.

சென்டர் ஸ்கொயரே இல்லை. வி பிளாக் (ராடை உருளாமல் தாங்கும் V பள்ளக் கட்டை), ஹைட் கேஜ் (வைத்த உயரத்தில் கோடு கீறும் கருவி), சர்ஃபேஸ் பிளேட் (சமதளப் பலகை) உண்டு. போதுமா?

தாராளமாக. எனக்குப் பிடித்த முறையே அதுதான். ராடை வி பிளாக்கில் படுக்கவையுங்கள். முனையில் சாக்பீஸ் பூசுங்கள். ஹைட் கேஜை நடு உயரத்துக்குக் குத்துமதிப்பாக வைத்து ஒரு கோடு. உயரத்தைத் தொடாமல் ராடை மட்டும் கால் சுற்று திருப்பி அடுத்த கோடு. இப்படி நான்கு. உங்கள் குத்துமதிப்பு எவ்வளவு தப்போ, நான்கு கோடும் நடுவிலிருந்து அதே அளவு தள்ளி நின்று ஒரு குட்டிச் சதுரத்தை அடைக்கும். அதன் பக்கம் 1 மி.மீ. என்றால் நீங்கள் 0.5 மி.மீ. பிசகியிருக்கிறீர்கள். முதலில் போட்ட கோடு ராடின் நடுவுக்கு மேலே விழுந்திருந்தால் 0.5 இறக்குங்கள், கீழே என்றால் ஏற்றுங்கள். சாக்பீஸைத் துடைத்துப் பூசி மறுபடி இழுத்தால் எல்லாக் கோடும் ஒரு புள்ளியில் கூடும். தப்பை நான்கு பக்கமும் சமமாக விழவைத்து நடுவை எடுப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். நேராக நடுவைக் குறிபார்க்கிறவர்தான் திண்டாடுவார்.

300 மி.மீ. வட்டத் தகடு. கையில் மூலைமட்டம் ஒன்றுதான்.

மட்டத்தின் வெளி மூலையை வட்டத்தின் ஓரத்தில் பொருத்துங்கள். மட்டத்தின் இரண்டு கையும் ஓரத்தை வெட்டும் இடங்களைக் குறித்துச் சேர்த்தால் அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்தோமே, அதுவேதான். இடம் மாற்றி இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட செங்குத்தாக வெட்டட்டும், சாய்வாக வெட்டினால் புள்ளி நழுவும். இந்த அளவுத் தகட்டுக்கு, மட்டத்தின் கைகள் சம நீளமென்றால், ஒவ்வொன்றும் 213 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

நடுவில் பெரிய ஓட்டை. எங்கே புள்ளி வைப்பது?

ஓட்டைக்குக் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை இறுக்கமாகத் தட்டி இறக்கி, அதன் மேல் சின்னத் தகரத்துண்டை ஆணியடித்துக்கொள்ளுங்கள். புள்ளி அதில்.

புள்ளி சரியாகத்தான் விழுகிறது, பஞ்ச் அடித்தால் தள்ளிப்போகிறது.

எடுத்த எடுப்பில் 90 டிகிரி முனையுள்ள சென்டர் பஞ்சை வைத்தால் அப்படித்தான். முனை இன்னும் கூரான 60 டிகிரி டாட் பஞ்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு கோட்டின் மேலேயே மெல்ல இழுத்து வாருங்கள். குறுக்குக் கோடு வந்ததும் முனை ‘டக்’கென்று தட்டும், விரலுக்கே தெரியும். அங்கே நிமிர்த்தி லேசாக ஒரு தட்டு. பிறகு பெரிய பஞ்ச்.

நாலு ஜா சக்கில் (லேத்தில் வேலைப்பொருளை நான்கு தாடையால் பிடிக்கும் பிடியில்) எதிரெதிர் ஜாவுக்கு இடையே டயல் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் கடிகார அளவி) 0.40 மி.மீ. வித்தியாசம் காட்டுகிறது. 0.40 நகர்த்தினால் மறுபக்கம் ஓடிவிடுகிறது!

பாதிதான் நகர்த்த வேண்டும், 0.20.

மில்லிங் மெஷினில் எட்ஜ் ஃபைண்டரால் (ஓரத்தைத் தொட்டு இடம் காட்டும் கருவியால்) வட்டத்தின் எக்ஸ் (இடவலத் திசை) நடுவை எடுக்கும்போது ஒய் (முன்பின் திசை) நடுவில் இல்லாவிட்டால் தப்பாகுமா?

ஆகாது. ஒய்யை நகர்த்தாமல் இரண்டு பக்கமும் தொட்டுப் பாதி எடுங்கள். நாண் எங்கே வெட்டினாலும் அதன் நடு ஒய் திசை விட்டத்தின் மேல்தான் விழும். ஃபைண்டரின் தடிமனும் தானாகக் கழிந்துவிடும். பிறகு எக்ஸை அந்த நடுவில் நிறுத்தி ஒய்யை எடுங்கள்.

மைக்ரோமீட்டரில் (விட்டத்தை நுண்ணியமாக அளக்கும் கருவியில்) ராடின் சுற்றிலும் ஒரே அளவு, ஆனால் வி பிளாக்கில் உருட்டினால் டயல் ஆடுகிறதே?

உங்கள் ராடு மூன்று மேடு உள்ளது. ஒவ்வொரு மேட்டுக்கும் நேரெதிரே பள்ளம் இருப்பதால் மைக்ரோமீட்டர் ஏமாந்துபோகிறது. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (ராடை நடுவில் பிடிக்காமல் சாணை பிடிக்கும் முறையில்) இப்படி வருவதுண்டு. இதற்கு வி பிளாக்கை நம்பிக் கோடு போடாதீர்கள். நாலு ஜா சக்கில் பிடித்து, மூன்று மேட்டிலும் டயல் ஒரே அளவு காட்டும்வரை சரிசெய்து சென்டர் ட்ரில் (நடுக்குழி துளைக்கும் துளைப்பான்) போடுங்கள்.