பெங்குவினுக்கு வேடசந்தூரில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர் முழுக்கப் பனிக்கரடி, பெங்குவின், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்து ‘வன உயிர்களைக் காப்போம்’ என்று எழுதியிருக்கிறார்கள். திறப்பு விழா, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தது. இப்படிப் படம் வரைவதால் ஒரே ஒரு உயிராவது பிழைக்குமா? அந்தப் பணத்துக்கு நாலு மரக்கன்று வைத்திருக்கலாமே?
– ஒரு வாசகர், வேடசந்தூர்

பதில்: அந்தச் சுவரால் எதுவும் பிழைக்காது. வேடசந்தூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் மனம் உருகிப் போனாலும் அண்டார்டிகா பெங்குவினுக்கு அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. இதுவரைக்கும் உங்கள் கட்சிதான். ஆனால் ஒரு மோசமான சுவரைப் பார்த்துவிட்டுப் படம் வரைவதே வீண் என்று முடிவு கட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

அசாமில் ஹர்கிலா என்று ஒரு நாரை உண்டு. ஏறக்குறைய ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்குகிற ஒரு பை. செத்த மாடு, குப்பைமேடு எதுவும் விலக்கில்லை. இது கூடு கட்டுவதோ வீட்டுக் கொல்லையில் நிற்கும் பெரிய மரங்களில். மேலேயிருந்து எச்சம் விழும், அழுகிய இறைச்சித் துண்டு விழும், நாற்றம் தாங்காது. போதாததற்கு அபசகுனம் என்ற பேர் வேறு. கொல்லைக்காரர் என்ன செய்வார்? மரத்தையே வெட்டினார்கள்.

2007-இல் காம்ரூப் மாவட்டத்துத் தாதரா கிராமத்தில் அப்படி ஒரு மரம் வெட்டுப்பட்டு, கூட்டிலிருந்த குஞ்சுகள் தரையில் கிடந்ததைப் பார்த்தவர் பூர்ணிமா தேவி பர்மன். பறவையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், அதைத் தள்ளி வைத்துவிட்டு ஊருக்குள் இறங்கினார். வெட்டுகிறவர்களிடம் அறிவியல் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் வீட்டுப் பெண்களிடம் போனார். நாரைக் குஞ்சு பொரிக்கிற காலத்தில் நம் ஊர் வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கு, பாட்டு, நாடகம் என்று ஆரம்பித்தது. அப்புறம்தான் தறி வந்தது.

அசாம் கிராமத்து வீடுகளில் பெண்கள் தறி நெய்வது ஊரறிந்த விஷயம். அவர்களுக்குத் தறியும் நூலும் ஏற்பாடு செய்து, மேகலா சாதர் உடையிலும் கமோசாவிலும் ஹர்கிலா உருவத்தை நெய்ய வைத்தார். கமோசா என்பது அங்கே விருந்தாளிக்கு மரியாதையாகப் போர்த்துகிற துண்டு. பிணந்தின்னி என்று விரட்டப்பட்ட பறவை அதில் ஏறிவிட்டது! நெய்ததை விற்றுக் காசும் பார்த்தார்கள். தன் கையால் நெய்து, தானே உடுத்தி, அதில் நாலு காசும் கிடைத்த பிறகு, அந்தப் பறவையின் கூட்டுக்கு எதிராக வீட்டில் யாராவது கோடாலியை எடுத்தால் அவள் சும்மா விடுவாளா?

அந்த வட்டாரத்தில் தொடக்கத்தில் 28 கூடுகள். 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பர்மனுக்கு விருது கொடுத்தபோது 250-ஐத் தாண்டியிருந்தது. ‘ஹர்கிலா படை’ என்ற பேரில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல். 2023-இல் அருகிவரும் உயிர்களின் உலகப் பட்டியலிலும் இந்தப் பறவை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற வரிசையிலிருந்து இரண்டு படி இறங்கி மூச்சுவிட்டிருக்கிறது. எல்லாம் தறியால் வந்தது என்று சொன்னால் பொய். விழுந்த குஞ்சைக் காப்பாற்றியதும் மரக்கன்று நட்டதும் சேர்த்துத்தான். ஆனால் முதலில் மாறியது அந்தப் பெண்களின் கண். அதை மாற்றியதில் பாட்டுக்கும் தறிக்கும் பங்கு உண்டு.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் யானைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் தண்டைப் பதப்படுத்தி, பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் மக்கள் ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்கிறார்கள். அவை 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024-இல் நியூயார்க்கிலும் நின்றன. இதில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. நியூயார்க்கில் செல்பி எடுத்தவர் விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் யானைக்கு எதிரே நிற்கப் போவதில்லை. அவர் மனம் மாறுவதால் கூடலூருக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. ஆனால் கைவேலைக்குக் கூலி, விற்ற பணம் பாதுகாப்பு வேலைக்கு, காட்டிலிருந்து களை வெளியே. இந்த மூன்றும் நிஜம், அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்ததே, அது இந்தியாவிலேயே முதல் தேவாங்குச் சரணாலயம். அதன் ஒரு பகுதி உங்கள் வேடசந்தூர் தாலுகாவில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பிராணி, ராத்திரியில் வெளியே வந்து பூச்சி தின்னும், விவசாயிக்கு நல்லதுதான் செய்யும். மாந்திரீகத்துக்கு, மருந்துக்கு என்று அதைப் பிடிக்கிறார்கள். மின்கம்பியிலும் வண்டியிலும் அடிபட்டுச் சாகிறது. இதைப் பற்றி ஏதாவது செய்யக்கூடியவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்கள் அப்பா அம்மாவும்தான். அவர்கள் தினமும் கடந்து போகிற சுவரில் பெங்குவின் நிற்கிறது!

உங்கள் நாலு மரக்கன்றையும் சொல்லிவிடுகிறேன். தேவாங்கு குரங்கு மாதிரித் தாவாது. கிளையைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கும். கிளை அறுந்த இடத்தில் தரையில் இறங்கியாக வேண்டும். ரோட்டோரம் பத்தடிக்கு ஒன்றாக அழகுக்கு நட்ட கன்று அதற்கு உதவாது. தோட்டத்து உயிர்வேலியையும் புதரையும் வெட்டாமல் விட்டாலே போதும்.

அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். ஓவியரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம், பிள்ளைகளே வரையட்டும். வரைவதற்கு முன்னால் ராத்திரிக் காவலுக்குப் போகிற தாத்தா யாரையாவது கூப்பிட்டு, தேவாங்கை எங்கே பார்த்தார், எப்படி இருக்கும் என்று கேட்கட்டும். படத்துக்குக் கீழே ‘காப்போம்’ வேண்டாம். அடிபட்டோ பிடிபட்டோ கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்குச் சால்வை வாங்கும் காசில் ஒரு டப்பா பெயின்ட் கூடுதலாகவே வரும்.