செப்டிக் டேங்கிலிருந்து ஐம்பது அடி தள்ளிக் கிணறு போட்டால் போதுமா?

மனையில் செப்டிக் டேங்க் கட்டியாகிவிட்டது, அடுத்து ஆழ்துளைக் கிணறு போட வேண்டும், ஐம்பது அடி இடைவெளி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது அடி என்பது தவறான எண் அன்று. ஆனால் எழுபது அடிக்கு மேல் தள்ளிப் போட்டும் கெட்டுப்போன கிணற்றின் நீரைக் குடித்த குடும்பம் எங்களுடையது என்பதால், இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரிடர் நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு, கழிவுக் குழிக்கும் நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே 30 மீட்டர் வேண்டும் என்றும், குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு, தொட்டிக்கு 50 அடி, தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் மண்ணில் இறங்கும் பரப்புக்கு 100 அடி. ஒரே வீட்டுக்கு ஏன் இரண்டு எண்கள் என்றால், நன்றாகப் பூசி மூடிய தொட்டியைவிட அந்த நீர் மண்ணுக்குள் இறங்கும் இடமே ஆபத்து மிகுந்தது. உங்கள் கேள்வியில் தொட்டி மட்டுமே இருக்கிறது, அந்த நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அங்கிருந்துதான் டேப் பிடிக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் பிடித்தோம். ஒரு முனையை என் தந்தை உறிஞ்சுகுழியின் விளிம்பில் அழுத்திக்கொள்ள, நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு மனையின் எதிர்ப்பக்கத்துக்குப் போனேன். எழுபத்திரண்டு அடி. மதிலையொட்டித் துளை இறங்கியது, நல்ல ஊற்றும் கிடைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகள் குறையொன்றும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு, ஒரு வாரம் விடாமல் மழை பெய்து ஓய்ந்த பிறகு, என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சரியாகி, அதே மாதத்தில் மீண்டும் வந்தது. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்ட பின்புதான் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈ.கோலை என்ற மலக் கிருமி அதில் இருந்தது. கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவினோம், துளைக்குள் குளோரின் இட்டோம். பத்து நாள் நன்றாக இருந்த நீர் அடுத்த மழையில் மறுபடியும் கெட்டது.

மதிலுக்கு அப்பால், எங்கள் துளையிலிருந்து பதினெட்டு அடியில், பக்கத்து வீட்டின் உறிஞ்சுகுழி இருந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, "தம்பி, அந்தக் குழி பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. நாங்களும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய கிணறு குழிக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தது, எங்களுடையது பள்ளத்தில். அவருடைய சம்மதத்தோடு, நீரோட்டத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் ஃப்ளோரசீன் சாயத்தை அவர் வீட்டுக் கழிப்பறையில் கரைத்து ஊற்றினோம். நான்காம் நாள் காலையில் எங்கள் குழாயடியில் வைத்த வெள்ளை வாளியைத் தூக்கி வெயிலில் வைத்தேன். தளிர் இலையின் நிறத்தில் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது. பெரியவர் வந்து அந்த வாளியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் மீது பழி சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய குழி எங்கள் கிணற்றுக்கு முன்பே வந்தது, போய்க் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். எனக்குள்ள மனக்குறை வேறு. எங்கள் மனைக்கு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எங்கள் தொட்டி, எங்கள் குழி, எங்கள் கிணறு எல்லாம் அளவோடு குறிக்கப்பட்டிருந்தன. மதிலுக்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம்தான். நிலத்துக்கு அடியில் ஓடும் நீருக்கு மதில் இல்லை என்பதை அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

துளை போட்டவர்களும் எத்தனை அடி ஆழம் என்று மட்டுமே கேட்டார்கள். பாறை தட்டியதும் இருபதாவது அடியிலேயே, துளையின் சுவரைக் காக்க இறக்கும் கேசிங் பைப்பை நிறுத்திவிட்டார்கள் என்பதும், பைப்புக்கும் மண்ணுக்கும் இடையிலான சந்தில் துளைத்தூளைத்தான் தள்ளி மூடியிருந்தார்கள் என்பதும் பின்னால் வந்து பார்த்த பொறியாளர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சந்தைச் சிமெண்ட் கலவையால் அடைக்காவிட்டால், மேலே இறங்கும் அழுக்குநீர் பைப்பின் வெளிப்புறமாகவே வழிந்து அடிவரை போய்ச் சேரும். மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போல இறங்குவதால், வேறு திசையில் போக வேண்டிய நீரும் கிணற்றை நோக்கித் திரும்பும் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

அடிக்கணக்கு ஏன் கைவிடும் என்பது அதன் பிறகே எனக்குப் புரிந்தது. கிருமிகளைக் கொல்வது தூரம் அன்று, அவை மண்ணுக்குள் கழிக்கும் காலம். இங்கிலாந்தில் பொதுக் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி வரையும் முதல் காப்பு வட்டத்தை நாளால்தான் அளக்கிறார்கள். நிலத்தடி நீர் 50 நாளில் கிணற்றை வந்தடையும் பரப்பு முழுவதும் அதில் அடங்கும், ஆரம் 50 மீட்டருக்குக் குறையவும் கூடாது. நுண்மணலில் அழுக்குநீர் மெல்ல வடிந்து நகரும். பாறை வெடிப்பிலோ சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலோ அது குழாயில் போவதுபோலப் போய்விடும், அங்கே நூறு அடியும் போதாமல் போகலாம்.

நான் நிலத்தடி நீர் வல்லுநன் இல்லை, துறை அறிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குளோரின் போட்டால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பெரிய பதில் எதற்கு என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் வாக்கர்டன் நகரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் மாட்டுச் சாணக் கழிவு ஆழமற்ற ஒரு பொதுக் கிணற்றுக்குள் இறங்கியது. அங்கே குளோரின் இடும் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது, இட்ட அளவும் கண்காணிப்பும் போதவில்லை. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நைட்ரேட்டையோ குளோரினாலும் அகற்ற முடியாது, கொதிக்கவைத்தாலும் அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும், கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் ஆபத்து.

ஆகவே துளைபோடும் வண்டியை வரச் சொல்வதற்கு முன், சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் நேரில் போய்க் கழிவுக் குழியும் மாட்டுக் கொட்டகையும் குப்பைக் குழியும் எங்கே என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பொதுவான ஒரு மட்டத்திலிருந்து அளந்தால் நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தரையின் சரிவு மட்டும் போதாது, ஆனால் எதுவும் தெரியாதபோது அதுவாவது துணை. மேட்டுப் பக்கத்தில் இடம் குறியுங்கள். கேசிங் எந்த ஆழம்வரை, பைப்பைச் சுற்றியுள்ள சந்தினை எதனால் அடைப்பீர்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பைப்பின் வாய் தரைக்கு ஓரடி மேலே நிற்க, சுற்றிலும் வெளிப்புறம் சரியும் சிமெண்ட் தளம் இருக்க வேண்டும்.

எங்கள் புதிய கிணறு மனையின் மேட்டு மூலையில், இரண்டு குழிகளுக்கும் நூறு அடிக்கு அப்பால் இருக்கிறது. முதல் மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பரிசோதிக்கிறோம், இதுவரை ஈ.கோலை இல்லை. பழைய துளையை மூடிபோட்டு விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி விட்டால் அதே வெடிப்புகளுக்கு அழுக்கை இறக்கும் வழியாக அது இருந்துகொண்டே இருக்கும் என்று பொறியாளர் தடுத்தார். குழாயை அடிவரை இறக்கிச் சிமெண்ட் கூழைக் கீழிருந்து மேலாக நிரப்பினோம். கூழ் துளையின் வாய்வரை எழும்பும்வரை பக்கத்து வீட்டுப் பெரியவரும் மதிலோரம் எங்களோடு நின்றிருந்தார்.