தார் பாலைவனத்துக்கு பைக் பயணம்: கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 31. தஞ்சாவூரில் தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். அவசரத்துக்கென்று 1.4 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கம் கூட்டமில்லாத பாலைவனச் சாலைகளில் 10 நாள் தனியாக பைக் ஓட்ட ஆசை. என்னிடம் இருப்பது 4 வருடப் பழைய 350 சிசி புல்லட். 3 லட்சம் கடன் போட்டு அட்வெஞ்சர் பைக் எடுக்கலாமா? பயணச் செலவுக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணம் போய்வாருங்கள்.

3 லட்சத்தை 11 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ ஏறக்குறைய 9,820 ரூபாய். வட்டி மட்டும் 53,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் நீங்கள் கேட்கும் பயணத்தையே முடித்துவிடலாம்! தவிர, ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர், தனோட், லோங்கேவாலா போகும் வழியெல்லாம் தார்ச்சாலைதான். காற்றடித்தால் ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும், வளைவில் ஒட்டகம் நிற்கும். அதற்கு வேகத்தைக் குறைத்தால் போதும், புது பைக் தேவையில்லை.

எஃப்.டி.யில் இருப்பது ஏறக்குறைய உங்கள் மூன்று மாதச் சம்பளம்தான். அதில் கை வைக்காதீர்கள். மார்ச்சில் மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்கினால், டிசம்பர் தொடக்கத்தில் 54,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். குளிர்காலம்தான் அங்கே வண்டி ஓட்டும் பருவம். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை எகிறிவிடும்.

பெட்ரோலை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது சின்னச் செலவு. அங்கே போய் 1,500 கிலோமீட்டர் சுற்றினாலும், லிட்டருக்கு 35 கிலோமீட்டர், விலை 110 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய்க்குள் முடியும். பெரிய செலவு வண்டியை அங்கே கொண்டுபோவதுதான். உங்கள் பக்கத்து மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. அதே ரயிலில் நீங்களும் போவதாக இருந்தால் பைக்கை லக்கேஜாகப் பதிவு செய்யலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கக்கூடாது. இடம் கிடைக்குமா என்று பார்சல் அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிடுங்கள். போக வர உங்கள் டிக்கெட், பைக், பேக்கிங் எல்லாவற்றுக்கும் 18,000 ஒதுக்குங்கள். தங்க, சாப்பிட இன்னொரு 18,000. ஜெய்சல்மேர் பக்கத்துச் சுற்றுலா இடமான சம் மணல்மேட்டின் கூடாரங்களைவிட குரி கிராமத்தில் அமைதியும் அதிகம், வாடகையும் அடங்கும். சர்வீஸ், டியூபுக்கு 4,000. பாக்கி 9,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். அதில் பாதியாவது நோட்டாக. எல்லைப் பக்கம் சிக்னல் போய்விட்டால் ஜிபேயை வைத்து டீ கூடக் குடிக்க முடியாது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: இன்சூரன்ஸ். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு தேர்ட் பார்ட்டி காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) 5 வருடத்துக்குக் கட்டாயம். ஆனால் நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் காப்பீட்டைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். பாலிசித் தாளில் ஐந்து வருடம் என்று பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு ஓன் டேமேஜ் காலாவதியாகியிருந்தால், மணலில் சறுக்கி ஃபோர்க் வளைந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஒரு வருடத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஓன் டேமேஜ் விட்டுப்போயிருந்தால் வண்டியைப் பரிசோதித்த பிறகே புதிதாகக் கொடுப்பார்கள், அதனால் கிளம்பும் வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்தால், நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை வருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜெய்சல்மேரிலிருந்து தனோட் சுமார் 120 கிலோமீட்டர். அவர்களுடைய எல்லை அதற்கு முன்பே முடிந்தால், அந்தக் கூடுதல் பிரீமியத்தைக் கட்டாமல் பஞ்சர் கிட் வாங்கிக்கொள்ளலாம்.