வாசகர் கேள்விகள்: மீசைக்கார கேப்டன் கிரேம் சூனஸ்

கேள்வி: டிவி கால்பந்து விமர்சகராக மான்செஸ்டர் யுனைடெட் வீரர் போக்பாவை அப்படி வறுத்தெடுத்தாரே கிரேம் சூனஸ், அவருக்கு என்ன தகுதி? மேனேஜராக, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளராக, தோற்றவர்தானே?
- கோவை வாசகர்

ஆட்டக்காரராக அவர் யாரென்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். எடின்பரோவில் பிறந்து, மிடில்ஸ்பரோ கிளப்பில் பெயர் வாங்கி, 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய கிளப்பான லிவர்பூலுக்கு வந்தவர், அங்கிருந்து கிளம்பும்போது 5 லீக் பட்டங்களும் 3 ஐரோப்பியக் கோப்பைகளும் வாங்கியிருந்தார். அதில் கடைசியான 1984 ஃபைனல் ரோமா அணியின் சொந்த மைதானத்தில் நடந்தது. ஆட்டம் 1-1, அப்புறம் பெனால்டி. சுற்றிலும் எதிரணி ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்க, கேப்டனாகத் தானும் ஒன்றை அடித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். நடுக்களத்தில் பந்தைப் பறிப்பது, பாஸ் கொடுப்பது, பயமுறுத்துவது என்று மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தது.

மேனேஜராகத் தோற்றவர் என்பதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1986இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு ஆட்டக்காரர்-மேனேஜராகப் போனார். முதல் லீக் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை! ஆனால் ஒன்பது வருடமாக லீக் பட்டம் பார்க்காத அந்த அணி அந்த சீசனிலேயே பட்டம் வென்றது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆட இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை இருந்த நேரம் அது. அதைப் பயன்படுத்தி டெர்ரி புட்சர் போன்ற இங்கிலாந்து வீரர்களை ஸ்காட்லாந்துக்கே இழுத்து வந்தார். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது 1989இல் மோ ஜான்ஸ்டனை வாங்கியதுதான். கத்தோலிக்கர், அதுவும் பரம வைரியான செல்டிக்கில் ஆடியவர். புராட்டஸ்டன்ட் அடையாளத்தோடு வளர்ந்த ரேஞ்சர்ஸில் ரசிகர்கள் ஸ்கார்ஃபைக் கொளுத்தினார்கள், சூனஸ் அசையவில்லை.

லிவர்பூலுக்கு மேனேஜராகத் திரும்பியது வேறு கதை. மூத்த வீரர்களை அவசரமாக விற்றார், வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. 1992இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, உண்மைதான். ஆனால் அதற்குச் சில வாரம் முன்பு, இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்த கையோடு, 'தி சன்' பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். 1989இல் 97 உயிர்களைப் பறித்த ஹில்ஸ்பரோ மைதான நெரிசலுக்கு லிவர்பூல் ரசிகர்கள் மீதே பொய்ப்பழி போட்ட பத்திரிகை அது, லிவர்பூல் ஊரே அதைத் தொடுவதில்லை. பேட்டி வெளியானதோ ஏப்ரல் 15, சரியாக அந்த நினைவு நாளில். உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் அதை எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்தால் இன்றும் மனசு கனக்கிறது. பின்னாளில் அவர் மன்னிப்புக் கேட்டார், அப்போதே பதவி விலகியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். தன் தப்பை வாய்விட்டுச் சொன்ன மனிதர் என்பதால்தான் அவருடைய விமர்சனத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன். ஆனால் போக்பா விஷயத்தில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அது எனக்கும் பிடிக்கவில்லை.

கேள்வி: போன் காலை நம்பி ஒருவரை அணியில் சேர்த்தது அவர்தானா?
- திருநெல்வேலி வாசகி

அவரேதான். 1996, அவர் சவுத்ஹாம்ப்டன் மேனேஜராக இருந்தபோது. புகழ்பெற்ற லைபீரிய வீரர் ஜார்ஜ் வியா பேசுவதாகச் சொல்லி யாரோ ஒருவர் அலி டியா என்ற முன்பின் தெரியாத வீரரைச் சிபாரிசு செய்ய, லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அணியின் நட்சத்திரம் லே டிஸியேவுக்குக் காயம்பட்டதும் டியா மாற்று வீரராக இறங்கினார். ஆடிய விதம் அவ்வளவு மோசம், ஆட்டம் முடியும் முன்பே அவரையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இப்போதும் டிவியில் வருகிறாரா?
- திருச்சி வாசகர்

விமர்சகராக இருந்த ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலை விட்டு 2023இல் விலகினார். அதே ஜூனில், 70 வயதில், இதய ஆபரேஷன் ஆன உடம்போடு, ஒரு குழுவாக மாறி மாறி நீந்தி இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தார். தொட்டாலே தோல் கொப்புளித்து உரிகிற ஈ.பி. என்ற பிறவி நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான் அத்தனை பாடும். அந்த நோயோடு வாழும் ஒரு சிறுமியைச் சந்தித்ததுதான் தொடக்கம். ஒரு டிவி பேட்டியில் அவளைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கிவிட்டார். கடலில் அவரோடு நீந்தியவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர்.